தமிழ் நூலுக்குப் பொருளடக்கம் அமைத்தல்: லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் படிப்படியாக

ஆய்வேட்டையோ நூலையோ தட்டச்சு செய்து முடித்தவர்களில் பலர், கடைசி நாளில் தொடக்கத்தில் ஒரு வெற்றுப் பக்கத்தைச் சேர்த்து, ஒவ்வொரு தலைப்பையும் மறுபடி தட்டச்சிட்டு, அதன் பின்னால் புள்ளி விசையை முப்பது நாற்பது முறை அழுத்தி, வரியின் முடிவில் பக்க எண்ணை எழுதிப் பொருளடக்கத்தைத் தயாரிக்கிறார்கள். பார்ப்பதற்கு முடிந்த வேலைபோல இருந்தாலும் அது நிலைக்காது. மேற்பார்வையாளர் இரண்டாம் இயலில் ஒரு பத்தியைக் கூட்டச் சொன்னால், அதற்குப் பிறகு வரும் எல்லாப் பக்க எண்களும் தவறாகிவிடும். தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், எத்தனை புள்ளிகளைக் கவனமாக எண்ணி வைத்தாலும் பக்க எண்கள் ஒரே நேர்க்கோட்டில் வந்து நிற்பதும் இல்லை.

பொருளடக்கத்தை நாம் தட்டச்சு செய்யவே கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் அடிப்படை. தலைப்பு எது என்பதைச் சொற்செயலிக்கு அடையாளம் காட்டுவது நம் வேலை. அவற்றைத் திரட்டிப் பக்க எண்ணுடன் அடுக்குவது அதன் வேலை. அடுக்கிய பிறகு அந்தப் பட்டியல் எப்படித் தோன்ற வேண்டும் என்பதையும் பட்டியலின் மீது கைவைத்து மாற்றாமல், அதற்குரிய அமைப்புகளில் மாற்ற வேண்டும். இந்த இரண்டையும் மனத்தில் கொண்டால் மீதியெல்லாம் எந்தப் பெட்டியை எங்கே சொடுக்குவது என்பது மட்டுமே.

விளக்கத்துக்கு லிப்ரே ஆஃபீஸின் ரைட்டர் செயலியை எடுத்துக்கொள்கிறேன். 2010ஆம் ஆண்டு ஓப்பன் ஆஃபீஸிலிருந்து பிரிந்து, டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் கீழ் வளர்ந்துவரும் கட்டற்ற மென்பொருள் அது. விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் கட்டணமின்றிக் கிடைப்பதால், எந்தக் கணினியில் வேலை செய்யும் மாணவரும் இதைப் பின்பற்ற முடியும். பட்டிகளின் பெயர்களைத் திரையில் காணப்படும் ஆங்கிலப் பெயர்களின் ஒலிப்பிலேயே தமிழில் எழுதியுள்ளேன். தேடிக் கண்டுபிடிக்க அதுவே எளிது.

எடுத்துக்காட்டாகக் காவிரிப் படுகையின் நீர்நிலைகளைப் பற்றிய ஓர் ஆய்வேட்டை வைத்துக்கொள்வோம். அதில் முன்னுரை, மூன்று இயல்கள், முடிவுரை ஆகியவை உள்ளன. முதல் இயல் 'அணைகள்'. அதன் உட்தலைப்புகள் 'கல்லணை', 'மேட்டூர் அணை'. இரண்டாம் இயல் 'கால்வாய்கள்'. அதில் 'கல்லணைக் கால்வாய்' என்ற சிறிய உட்தலைப்பும், 'கீழணையிலிருந்து வீராணம் ஏரிக்கு நீர் கொண்டுவரும் வடவாறும் அதன் பாசனப் பரப்பும்' என்ற நீண்ட உட்தலைப்பும் உள்ளன. மூன்றாம் இயல் 'ஏரிகள்'. நீண்ட தலைப்பை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். ஆய்வேடுகளில் இத்தகைய தலைப்புகள் வராமல் இருப்பதில்லை, பொருளடக்கத்தின் தோற்றத்தைக் குலைப்பவையும் பெரும்பாலும் அவையே.

தலைப்புகளுக்குப் பாணி இடுதல்

ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, எழுத்தைப் பெரிதாக்கித் தடித்த எழுத்தாக மாற்றினால் நம் கண்ணுக்கு அது தலைப்பாகத் தெரியும். ரைட்டருக்கு அது தடித்த எழுத்தில் உள்ள ஒரு சாதாரணப் பத்திதான். ஒரு பத்தியின் தோற்ற அமைப்புகளை ஒரே பெயரில் தொகுத்து வைப்பது பத்திப் பாணி; 'ஹெடிங் 1' என்ற பத்திப் பாணியை அந்த வரிக்குக் கொடுத்தால்தான், அது முதல் நிலைத் தலைப்பு என்று ரைட்டர் அறிந்துகொள்கிறது.

இதைச் செய்வது எளிது. 'அணைகள்' என்ற வரியின் எந்த இடத்திலாவது சுட்டியை வைத்து, கண்ட்ரோல் விசையையும் 1 என்ற விசையையும் சேர்த்து அழுத்துங்கள். அந்த வரி ஹெடிங் 1 ஆகிவிடும். 'கல்லணை' என்ற உட்தலைப்பில் நின்று கண்ட்ரோல் விசையுடன் 2 என்ற விசையை அழுத்துங்கள். அதற்கும் உள்ளே தலைப்புகள் இருந்தால் 3. தவறுதலாக ஒரு சாதாரணப் பத்தி தலைப்பாகிவிட்டால், கண்ட்ரோல் விசையுடன் 0 விசையை அழுத்தி அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். மேக் கணினியில் கண்ட்ரோலுக்குப் பதிலாகக் கமாண்ட் விசையைப் பயன்படுத்த வேண்டும்.

ஏட்டின் தொடக்கம் முதல் இறுதி வரை எல்லாத் தலைப்புகளுக்கும் இவ்வாறு பாணி இட்ட பிறகு, எஃப்5 விசையை அழுத்துங்கள். 'நேவிகேட்டர்' என்ற பலகை திறக்கும். அதில் 'ஹெடிங்ஸ்' என்ற பிரிவை விரித்தால், நீங்கள் அடையாளம் காட்டிய தலைப்புகள் அனைத்தும் நிலைவாரியாகத் தெரியும். இங்கே தெரிவதுதான் பொருளடக்கத்திலும் வரும். ஏதாவது ஒரு தலைப்பு விடுபட்டிருந்தாலோ, ஒரு முழுப் பத்தி தவறுதலாகத் தலைப்பாகியிருந்தாலோ, இந்தக் கட்டத்திலேயே திருத்திவிடுவது நல்லது. என்னிடம் பொருளடக்கச் சிக்கல் என்று கொண்டுவரப்படும் கோப்புகளில் நான் முதலில் திறந்து பார்ப்பது இந்தப் பலகையைத்தான்; பாதிச் சிக்கல்களின் காரணம் இங்கேயே தெரிந்துவிடும்.

இயல் எண்களும் எண்ணில்லாத் தலைப்புகளும்

'இயல் 1' என்று நாமே தட்டச்சு செய்வதும் தவிர்க்க வேண்டிய பழக்கம். 'டூல்ஸ்' பட்டியில் 'ஹெடிங் நம்பரிங்' என்பதைத் திறங்கள். பழைய பதிப்புகளில் இதன் பெயர் 'சாப்டர் நம்பரிங்'. இடப்பக்கம் 1 என்ற நிலையைத் தேர்ந்தெடுத்து, 'நம்பர்' என்ற இடத்தில் 1, 2, 3 என்ற வரிசையைக் கொடுங்கள். 'பிஃபோர்' என்ற கட்டத்தில் 'இயல்' என்ற சொல்லையும் அதன்பின் ஓர் இடைவெளியையும் எழுதுங்கள். பிறகு 2 என்ற நிலைக்குச் சென்று, அதற்கும் 1, 2, 3 வரிசையைக் கொடுத்து, 'ஷோ சப்லெவல்ஸ்' என்ற இடத்தில் 2 என்று வைத்தால், உட்தலைப்புகள் 1.1, 1.2 என்று வரும்.

முன்னுரைக்கும் முடிவுரைக்கும் இயல் எண் வரக்கூடாது. ஆனால் அவை பொருளடக்கத்தில் இடம்பெற வேண்டும். இதற்காக ஒரு தனிப் பாணியை உருவாக்குவதே முறையான வழி. எஃப்11 விசையை அழுத்திப் பாணிகளின் பலகையைத் திறந்து, ஹெடிங் 1 மீது வலச்சொடுக்கு செய்து, 'நியூ' என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிய பாணிக்கு 'எண்ணில்லாத் தலைப்பு' என்று பெயர் கொடுங்கள். 'அவுட்லைன் அண்ட் லிஸ்ட்' என்ற தாவலில் அவுட்லைன் நிலை 1 ஆகவும், 'லிஸ்ட் ஸ்டைல்' என்பது எதுவுமில்லை என்ற பொருளில் 'நன்' ஆகவும் இருக்கட்டும். முன்னுரை, முடிவுரை, துணைநூற்பட்டியல் ஆகிய தலைப்புகளுக்கு இந்தப் பாணியை இடுங்கள். அவை முதல் நிலைத் தலைப்புகளாகவே கருதப்படும். எண் மட்டும் வராது.

பக்க எண்கள்

பொருளடக்கத்தைச் செருகும் முன் பக்க எண்களை ஒழுங்குபடுத்திவிட வேண்டும். முகப்புப் பக்கங்களுக்கு ரோமன் எண்களும், முதல் இயலிலிருந்து 1, 2, 3 என்ற எண்களும் வருவது ஆய்வேடுகளில் பரவலான வழக்கம்.

முதல் பக்கத்தில் நின்று, எஃப்11 பலகையில் பக்கப் பாணிகளின் குறியைச் சொடுக்கி, 'இண்டெக்ஸ்' என்ற பக்கப் பாணியை இருமுறை சொடுக்கி இடுங்கள். அதன் மீது வலச்சொடுக்கு செய்து திருத்தத் திறந்தால், 'பேஜ்' என்ற தாவலில் பக்க எண்ணின் வடிவத்தை ரோமன் எண்ணாக மாற்றலாம். அடுத்து, முதல் இயலின் தலைப்புக்குச் சற்று முன்னால் சுட்டியை வைத்து, 'இன்சர்ட்' பட்டியில் 'மோர் பிரேக்ஸ்' வழியாக 'மேனுவல் பிரேக்' என்பதைத் திறங்கள். பக்க முறிவைத் தேர்ந்தெடுத்து, பாணியாக 'டீஃபால்ட் பேஜ் ஸ்டைல்' என்பதைக் கொடுத்து, 'சேஞ்ச் பேஜ் நம்பர்' என்ற கட்டத்தைக் குறியிட்டு 1 என்று எழுதுங்கள். இரண்டு பக்கப் பாணிகளுக்கும் 'இன்சர்ட்' பட்டியின் வழியே பக்கத்தின் அடிப்பகுதியான 'ஃபுட்டர்' என்பதை இயக்கி, அதனுள் 'ஃபீல்டு' வழியாகப் 'பேஜ் நம்பர்' என்பதைச் செருகினால் போதும். எண்ணின் வடிவத்தை அது பக்கப் பாணியிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு செய்தியைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒற்றைப்படை எண் கொண்ட பக்கம் எப்போதும் வலப்பக்கமாகவே இருக்க வேண்டும் என்ற நூலச்சு மரபை ரைட்டர் பின்பற்றுகிறது. முன்பகுதி ஒற்றைப்படைப் பக்கத்தில் முடிந்து, அடுத்த பக்கமும் 1 என்று தொடங்கினால், அச்சிடும்போது நடுவில் ஒரு வெற்றுப் பக்கத்தை அது தானாகச் சேர்க்கும். இதைப் பிழை என்று எண்ணிப் பலர் பல மணிநேரம் தேடியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் வேண்டாமென்றால், அச்சிடும்போதும் பிடிஎஃப் ஆக்கும்போதும் தானாகச் சேர்ந்த வெற்றுப் பக்கங்களை விலக்கும் தெரிவு உள்ளது.

பொருளடக்கத்தைச் செருகுதல்

முன்னுரைக்கு முன்னால் ஒரு வெற்றுப் பக்கத்தில் சுட்டியை வைத்து, 'இன்சர்ட்' பட்டியில் 'டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ் அண்ட் இண்டெக்ஸ்' என்பதற்குச் சென்று, அதனுள் முதலில் உள்ள 'டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ், இண்டெக்ஸ் ஆர் பிப்ளியோகிராஃபி' என்பதைத் திறங்கள். ஐந்து தாவல்கள் கொண்ட ஓர் உரையாடல் பெட்டி வரும்.

முதல் தாவலில் 'டைட்டில்' என்ற கட்டத்தில் ஆங்கிலத் தலைப்பு இருக்கும். அதை அழித்துப் 'பொருளடக்கம்' என்று எழுதுங்கள். 'எவாலுவேட் அப் டூ லெவல்' என்ற இடத்தில் 10 என்றிருக்கும். அதை 2 அல்லது 3 ஆகக் குறைத்துவிடுங்கள். நான்காம் நிலைத் தலைப்பையும் ஐந்தாம் நிலைத் தலைப்பையும் பொருளடக்கத்தில் அடுக்கினால் பட்டியல் நீளுமே தவிர, படிப்பவருக்கு வழி தெரியாது. என் கருத்தில் பெரும்பாலான ஆய்வேடுகளுக்கு இரண்டு நிலைகளே போதும். கைத்திருத்தங்களைத் தடுக்கும் 'புரொடெக்டட் அகெய்ன்ஸ்ட் மேனுவல் சேஞ்சஸ்' என்ற குறியை எடுக்காதீர்கள். பட்டியலில் நேரடியாகத் திருத்தும் ஆசையிலிருந்து அது உங்களைக் காக்கிறது. 'கிரியேட் ஃப்ரம்' என்ற பகுதியில் 'அவுட்லைன்' என்பது குறியிடப்பட்டிருப்பதை உறுதிசெய்துகொண்டு, சரி என்ற பொருளில் உள்ள 'ஓகே' பொத்தானை அழுத்துங்கள்.

தலைப்புகள், புள்ளிக்கோடு, பக்க எண்கள் ஆகியவற்றுடன் பொருளடக்கம் வந்துவிடும். முதன்முறை இதைப் பார்ப்பவர்களின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆனால் தோற்றம் இன்னும் நம் ஏட்டுக்குப் பொருந்தியிருக்காது. அடுத்து அதைத்தான் சரிசெய்யப் போகிறோம்.

ஒரு வரியின் கட்டமைப்பு

பொருளடக்கத்தின் மீது வலச்சொடுக்கு செய்து 'எடிட் இண்டெக்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதே உரையாடல் பெட்டி மீண்டும் திறக்கும். அதில் 'என்ட்ரீஸ்' என்ற இரண்டாம் தாவல்தான் உண்மையான பட்டறை. புதியவர்கள் இதைக் கண்டு அஞ்சி மூடிவிடுவது வழக்கம். இரண்டு நிமிடம் நிதானமாகப் பார்த்தால் இது எளிமையானது என்று தெரியும்.

இடப்பக்கம் 1 முதல் 10 வரை நிலைகள் இருக்கும். வலப்பக்கம் 'ஸ்ட்ரக்சர்' என்ற பெயருடன், சிறு பொத்தான்கள் ஒரே வரிசையில் கோக்கப்பட்டிருக்கும். பொருளடக்கத்தின் ஒரு வரி எந்தெந்த உறுப்புகளால், எந்த வரிசையில் ஆனது என்பதை அது காட்டுகிறது. எல்எஸ் என்பது இணைப்பின் தொடக்கம், எல்ஈ என்பது இணைப்பின் முடிவு. இவற்றுக்கு இடையில் இருப்பதைச் சொடுக்கினால் அந்தப் பக்கத்துக்குச் செல்ல முடியும். ஈ# என்பது இயல் எண், ஈ என்பது தலைப்பின் சொற்கள், டி என்பது டேப் இடைவெளி, # என்பது பக்க எண். பொத்தான்களுக்கு நடுவே உள்ள வெள்ளைக் கட்டங்களில் நாம் விரும்பும் எழுத்தையோ இடைவெளியையோ தட்டச்சிடலாம்.

டி பொத்தானைச் சொடுக்கினால் கீழே அதற்குரிய தெரிவுகள் தோன்றும். 'ஃபில் கேரக்டர்' என்பதில் புள்ளி இருந்தால் புள்ளிக்கோடு வரும். அங்கே வெற்றிடத்தைத் தேர்ந்தெடுத்தால் கோடே இராது. 'அலைன் ரைட்' என்பது குறியிடப்பட்டிருந்தால் பக்க எண்கள் வலது ஓரத்தில் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும். புள்ளி விசையை நாற்பது முறை அழுத்தியும் கிடைக்காத ஒழுங்கு இந்த ஒரு குறியால் கிடைக்கிறது. ஒரு நிலையில் செய்த அமைப்பை எல்லா நிலைகளுக்கும் கொண்டுசெல்ல 'ஆல்' என்ற பொத்தான் உண்டு.

'இயல்' என்ற சொல்லை ஈ# பொத்தானுக்கு முன்னுள்ள வெள்ளைக் கட்டத்தில் எழுதிவிடலாமே என்று தோன்றும். அப்படி எழுதினால், எண்ணில்லாத முன்னுரையும் முதல் நிலைத் தலைப்பு என்பதால் 'இயல் முன்னுரை' என்று வந்துவிடும். அதனால்தான் அந்தச் சொல்லைத் தலைப்பு எண்ணிடும் பெட்டியில் 'பிஃபோர்' என்ற கட்டத்தில் எழுதச் சொன்னேன். அங்கே எழுதியது எண்ணோடு சேர்ந்தே பொருளடக்கத்துக்கும் வரும். எண் இல்லாத தலைப்பைத் தொடாது.

நீண்ட தலைப்புகளை ஒழுங்குபடுத்துதல்

இப்போது வடவாறு பற்றிய தலைப்புக்கு வருவோம். அது ஒரே வரியில் அடங்காது. இரண்டாம் வரிக்கு மடியும்போது, அந்த வரி எண்ணுக்குக் கீழே இடது ஓரத்திலிருந்து தொடங்கும். அடுத்த தலைப்பு எது, முந்தைய தலைப்பின் தொடர்ச்சி எது என்று படிப்பவர் தடுமாறுவார். மடிந்த வரி, எண்ணை விட்டுவிட்டுச் சொற்களுக்கு நேர்கீழே தொடங்க வேண்டும்.

இதற்கு இரண்டு இடங்களில் மாற்றம் தேவை. முதலில் என்ட்ரீஸ் தாவலில் 2 என்ற நிலையைத் தேர்ந்தெடுத்து, ஈ# பொத்தானுக்கும் ஈ பொத்தானுக்கும் இடையிலுள்ள வெள்ளைக் கட்டத்தில் சுட்டியை வைத்து, 'டேப் ஸ்டாப்' என்ற பொத்தானை அழுத்துங்கள். புதிய டி ஒன்று அங்கே வந்து அமரும். அதைத் தேர்ந்தெடுத்து, நிரப்பும் எழுத்தை வெற்றிடமாக மாற்றி, 'அலைன் ரைட்' குறியை எடுத்துவிட்டு, 'டேப் ஸ்டாப் பொசிஷன்' என்ற கட்டத்தில் 2 செ.மீ. என்று கொடுங்கள். அதே தாவலின் கீழ்ப்பகுதியில், டேப்பின் இடத்தைப் பத்திப் பாணியின் உள்தள்ளலிலிருந்து அளக்கச் சொல்லும் ஒரு குறி இருக்கும். அதை எடுத்துவிட்டால் இடது ஓரத்திலிருந்து அளக்கப்படும், கணக்கும் எளிதாகும்.

இரண்டாவது மாற்றத்தைப் பத்திப் பாணியில் செய்ய வேண்டும். பொருளடக்கத்தின் முதல் நிலை வரிகளுக்குக் 'கன்டென்ட்ஸ் 1' என்ற பாணியும், இரண்டாம் நிலை வரிகளுக்குக் 'கன்டென்ட்ஸ் 2' என்ற பாணியும் தாமாகவே இடப்படுகின்றன. இவை எஃப்11 பலகையில் பத்திப் பாணிகளுக்குள் இருக்கும். கன்டென்ட்ஸ் 2 மீது வலச்சொடுக்கு செய்து திருத்தத் திறந்து, உள்தள்ளலுக்கான தாவலில் 'பிஃபோர் டெக்ஸ்ட்' என்பதை 2 செ.மீ. ஆகவும், 'ஃபர்ஸ்ட் லைன்' என்பதைக் கழித்தல் குறியுடன் −1 செ.மீ. ஆகவும் மாற்றுங்கள். இதனால் 2.2 என்ற எண் ஓரத்திலிருந்து 1 செ.மீ. தள்ளித் தொடங்கும், தலைப்பின் சொற்கள் 2 செ.மீட்டரில் தொடங்கும்; மடிந்த வரியும் அதே 2 செ.மீட்டரில் தொடங்கும்.

முதல் நிலைக்கும் இதே முறைதான். 'இயல் 1' என்று சொல்லும் எண்ணும் சேர்ந்து வருவதால் 1 செ.மீ. போதாது; எழுத்தின் அளவைப் பொறுத்து 2 அல்லது 2.5 செ.மீ. கொடுத்துப் பாருங்கள். டேப்பின் அளவும், பிஃபோர் டெக்ஸ்ட் அளவும், முதல் வரியின் கழித்தல் அளவும் ஒன்றாகவே இருக்க வேண்டும். எண்ணில்லாத முன்னுரை, மற்ற இயல்களின் சொற்கள் தொடங்கும் இடத்துக்கு நேராக வந்து நிற்கும். அது அழகாகவே இருக்கும்.

பட்டியலின் இடைவெளிகளையும் இதே பாணிகளில்தான் அமைக்க வேண்டும். கன்டென்ட்ஸ் 1 பாணியைத் தடித்த எழுத்தாக்கி, பத்திக்கு மேலே 0.2 அல்லது 0.3 செ.மீ. இடைவெளி கொடுத்தால், ஒவ்வோர் இயலும் தனித் தொகுதியாகத் தெரியும். பொருளடக்கத்திலுள்ள ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து மேலுள்ள கருவிப்பட்டையில் தடித்த எழுத்தாக மாற்றினால், அடுத்த முறை புதுப்பிக்கும்போது அந்த மாற்றம் அழிந்துவிடும். பாணியில் செய்த மாற்றம் எத்தனை முறை புதுப்பித்தாலும் நிற்கும்.

தமிழ் எழுத்துரு ஏன் மாறவில்லை

தமிழில் எழுதுபவர்களை மிகவும் அலைக்கழிக்கும் சிக்கல் இது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதற்கு விடை கிடைப்பது அரிது. உடற்பகுதி முழுவதும் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவில் இருக்கும். பொருளடக்கம் மட்டும் வேறு ஏதோ எழுத்துருவில் இருக்கும். கன்டென்ட்ஸ் 1 பாணியைத் திறந்து எழுத்துருவை மாற்றி, அளவையும் மாற்றிச் சரி என்று அழுத்தினாலும் திரையில் ஒன்றும் மாறாது.

ரைட்டர் ஒவ்வொரு பாணிக்கும் எழுத்துருவை ஒரே இடத்தில் வைப்பதில்லை என்பதே காரணம். ஆங்கிலம் போன்ற மொழிகளுக்கு 'வெஸ்டர்ன்' என்று ஓரிடம், சீனம், ஜப்பானியம் போன்றவற்றுக்கு 'ஏசியன்' என்று ஓரிடம், அரபு மொழிக்கும் இந்திய மொழிகளுக்கும் 'காம்ப்ளெக்ஸ்' அல்லது சிடிஎல் என்று ஓரிடம். ஆசியாவில் பேசப்படும் மொழி என்றாலும் தமிழ் ஏசியன் பகுதியில் வராது. உயிர்மெய் எழுத்துகளில் குறிகள் முன்னும் பின்னும் சேர்ந்து வடிவம் மாறுவதால் அது காம்ப்ளெக்ஸ் பகுதியைச் சேர்ந்தது. வெஸ்டர்ன் பகுதியில் எழுத்துருவையும் அளவையும் எத்தனை முறை மாற்றினாலும் தமிழ் எழுத்து அசையாது.

காம்ப்ளெக்ஸ் பகுதி உங்கள் திரையில் தெரியவில்லை என்றால், 'டூல்ஸ்' பட்டியின் 'ஆப்ஷன்ஸ்' பெட்டியில் மொழி அமைப்புகளுக்குச் சென்று, 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதைக் குறியிட்டு, அதன் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பாணியைத் திறந்தால், எழுத்துருவுக்கான தாவலில் அந்தப் பகுதி இருக்கும்.

கன்டென்ட்ஸ் 1, 2, 3 என்று ஒவ்வொன்றாக மாற்றத் தேவையில்லை. இவை அனைத்தும் 'இண்டெக்ஸ்' என்ற பத்திப் பாணியின் கீழ் வருபவை. அந்த ஒரு பாணியின் காம்ப்ளெக்ஸ் பகுதியில் எழுத்துருவை மாற்றினால், நீங்கள் தனியாகத் தொடாத எல்லா நிலைகளும் சேர்ந்து மாறும். உடற்பகுதிக்காக 'டீஃபால்ட் பாராகிராஃப் ஸ்டைல்' என்ற அடிப்படைப் பாணியில் எழுத்துருவை மாற்றியிருந்தும் பொருளடக்கம் மாறாததற்கு, இண்டெக்ஸ் பாணி தனக்கென ஒரு காம்ப்ளெக்ஸ் எழுத்துருவை வைத்திருப்பதே காரணம். பட்டியலுக்கு மேலே வரும் 'பொருளடக்கம்' என்ற சொல்லுக்குக் 'கன்டென்ட்ஸ் ஹெடிங்' என்ற வேறொரு பாணி இடப்படுகிறது. அது தலைப்புகளின் வழியில் வருவதால் அதைத் தனியே மாற்ற வேண்டும்.

வெஸ்டர்ன் பகுதியிலும் அதே தமிழ் எழுத்துருவையும் அதே அளவையும் கொடுத்துவிடுங்கள் என்பது என் ஆலோசனை. பக்க எண்களும் புள்ளிகளும் எந்தப் பகுதியின் எழுத்துருவை எடுத்துக்கொண்டாலும் தோற்றம் ஒன்றாகவே இருக்கும். இனி எழுதப்போகும் கோப்புகளுக்கும் இதை நிலையாக்க விரும்பினால், ஆப்ஷன்ஸ் பெட்டியில் ரைட்டர் பிரிவின் கீழ் 'பேசிக் ஃபான்ட்ஸ்' என்று சிடிஎல் குறிப்புடன் ஒரு பக்கம் இருக்கும். அங்கே இண்டெக்ஸ் என்பதற்கும் ஹெடிங் என்பதற்கும் எழுத்துருவை அமைத்துவிடலாம்.

பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளின் நிலை வேறு. அவற்றில் உண்மையில் சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகள். பாமினி எழுத்துரு அவற்றைத் தமிழ் வடிவில் காட்டுகிறது. பொருளடக்கத்துக்கு வேறு எழுத்துரு இடப்படுவதால், தலைப்புகள் அங்கே பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கன்டென்ட்ஸ் பாணிகளின் வெஸ்டர்ன் பகுதியில் பாமினியைக் கொடுத்தால் அன்றைய வேலை முடியும். ஆனால் கோப்பை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிவிடுவதே சரியான தீர்வு. பாமினியில் உள்ள ஆய்வேட்டில் தமிழ்ச் சொல் எதையும் தேட முடியாது என்பதை எண்ணிப் பாருங்கள்.

புதுப்பித்தல்

பொருளடக்கம் தானாக உருவாகிறதே தவிர, தானாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. தலைப்பை மாற்றினாலும், பத்தியைச் சேர்த்தாலும், பொருளடக்கத்தின் மீது வலச்சொடுக்கு செய்து 'அப்டேட் இண்டெக்ஸ்' என்பதை அழுத்த வேண்டும். எழுத்துப்பிழையைப் பொருளடக்கத்தில் கண்டால், திருத்த வேண்டிய இடம் உடற்பகுதியிலுள்ள தலைப்பு. அங்கே திருத்திவிட்டுப் புதுப்பியுங்கள். பொருளடக்கமே ஒரு பக்கத்திலிருந்து இரண்டு பக்கமாக நீண்டால், அதற்குப் பின்னால் வரும் முன்னுரையின் பக்க எண் மாறும். அந்தச் சமயத்தில் இருமுறை புதுப்பித்துவிடுவது பாதுகாப்பானது.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் வேலை செய்பவர்களுக்கும் இதே தத்துவம்தான். அங்கே தலைப்புப் பாணிக்குக் கண்ட்ரோல், ஆல்ட், 1 ஆகிய விசைகள். பொருளடக்கம் 'ரெஃபரன்சஸ்' தாவலில் இருக்கும். 'கஸ்டம் டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்' பெட்டியில் 'மாடிஃபை' வழியாக டிஓசி 1, டிஓசி 2 ஆகிய பாணிகளைத் திருத்தலாம். எஃப்9 விசை புதுப்பிக்கும். தமிழ் எழுத்துருவை அங்கேயும் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற பகுதியில்தான் மாற்ற வேண்டும்.

பிடிஎஃப் ஆக்கும் முன்

எல்லாம் முடிந்ததும் 'டூல்ஸ்' பட்டியில் 'அப்டேட்' என்பதன் கீழ் 'அப்டேட் ஆல்' என்பதை ஒருமுறை அழுத்திக் கோப்பைச் சேமியுங்கள். பிறகு 'ஃபைல்' பட்டியிலிருந்து பிடிஎஃப் ஏற்றுமதிப் பெட்டியைத் திறந்து, தலைப்புகளைப் பக்கவாட்டுப் பட்டியலாகச் சேர்க்கும் 'எக்ஸ்போர்ட் அவுட்லைன்ஸ்' என்பதைக் குறியிடுங்கள். பழைய பதிப்புகளில் இது 'புக்மார்க்ஸ்' என்ற பெயரில் இருக்கும். உருவான பிடிஎஃப் கோப்பைத் திறந்து, பொருளடக்கத்தில் முதல் இயல், நடுவில் ஓர் உட்தலைப்பு, முடிவுரை ஆகிய மூன்றையாவது சொடுக்கிப் பாருங்கள். சென்றடையும் பக்கத்தின் அடியில் அச்சாகியிருக்கும் எண்ணும், பொருளடக்கத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் கோப்பை அச்சகத்துக்கு அனுப்பலாம்.